மெட்ராஸ் தண்ணியும் என் தலையும்

சென்னைக்குக் குடிவந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முடி கொட்டுவதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: தண்ணி. தூக்கம் கெட்டது, சாப்பாடு கெட்டது, வயது ஏறியது, அப்பா வழியில் எல்லோருக்கும் முன்மண்டை ஏறுவது எதுவும் கணக்கில் வராது. எங்கள் ஊரில் இந்த நம்பிக்கை இன்னும் ஒரு படி அதிகம். நான் வளர்ந்தது கோயம்புத்தூரில், அதுவும் சிறுவாணி வருகிற பகுதியில். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று அங்கே குழந்தைகூடச் சொல்லும். போட்டி எங்கே நடந்தது, யார் குடித்துப் பார்த்து மார்க் போட்டார்கள், முதலிடம் எந்த ஊருக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஓஎம்ஆருக்கு வாழப்போனவள் தலையில் முடி குறைந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. விசேஷ வீடுகளில் பெரியம்மா என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பார். "ஏங் கண்ணு, இப்படிப் போச்சு? மெட்ராஸ் தண்ணிதான?" பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பக்கத்தில் இருக்கும் அத்தை உடனே தன் மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இதில் உறுத்தல் என்னவென்றால், அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் அடுக்ககத்துத் தண்ணீர் நிஜமாகவே மோசம். ஆனால் அந்தத் தண்ணீர் தலையில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பிரித்துப் பார்க்காததால் வருகிற கெடுதல், தண்ணீரால் வருகிற கெடுதலைவிட அதிகம் என்பது என் கட்சி.

பருப்பு வேகாத தண்ணி

பெரும்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு எங்கள் சம்ப்பின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் போர் தண்ணி, கொஞ்சம் லாரி தண்ணி, லாரிக்காரர் எந்தக் கிணற்றில் பிடித்தாரோ அந்த ருசி. வாரத்துக்கு ஒரு குணம். ஷவரின் துளைகளில் பாதி வெள்ளையாக அடைத்திருக்கும். கருப்புக் குழாய் பொருத்தியவர்கள் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். கீசரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காயில் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு தடிமன் ஓடு. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லு சில்லாக உதிரும். துவரம்பருப்பைக் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டே இருக்கும். கேன் தண்ணி ஊற்றினால் குழைந்துவிடும்.

இவ்வளவுக்கும் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இவை அதிகம் கரைந்திருந்தால் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில், அதாவது ஐஎஸ் 10500இல், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். குளிப்பதற்கென்று தனி வரம்பு கிடையாது. நாம் பொதுவாக எல்லாவற்றையும் "உப்புத் தண்ணி" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். நாக்கில் கரிப்பது சோடியம் குளோரைடு. அது சோப்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. சோப்போடு சண்டை போடுவது கால்சியம். சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத ஒரு வெள்ளைப் பிசுக்காக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் வளையமாகப் படிந்திருக்குமே, அதே பிசுக்கு. குளியல் சோப்பையே தலைக்கும் தேய்க்கிற ஆண்கள் இன்னும் ஏராளம். அவர்கள் தலையில் நாள்தோறும் படிவதும் அதுதான். சீப்பின் பற்களுக்கு நடுவில் சாம்பல் வெள்ளையாக ஒரு மாவு சேர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஷாம்பு விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு. அதில் இருக்கும் சலவைப் பொருள் சோப்பு இல்லை. கால்சியத்தோடு சேர்ந்து அப்படித் திரிந்து போகாது. பல ஷாம்புகளில் ஈடிடிஏ என்று ஒன்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கால்சியத்தைக் கட்டிப்போடுவது அதன் வேலை. இருந்தாலும் முடி தப்பிக்காது. முடியின் மேல்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது, கால்சியம் நேர்மின், ஆக ஒட்டிக்கொள்ளும். சாயம் போட்ட, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடியில் ஒட்டுவதற்கு இடம் இன்னும் அதிகம். முடி வறவறவென்று ஆவதும், சிக்கு விழுவதும், நடுவில் ஒடிவதும் இதனால் கூடலாம். இதுவரை பெரியம்மா கட்சி ஜெயிக்கிறது.

பயத்தின் கணக்கு

தண்ணீர்தான் குற்றவாளி என்று ஊரே தீர்ப்பெழுதிவிட்டால் என்ன செய்வோம்? தண்ணீரைத் தவிர்ப்போம். எங்கள் தளத்தில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளிப்பது, அதையும் முடிந்தால் தள்ளிப்போடுவது, கடைசி இரண்டு சொம்புக்குக் கேன் தண்ணியை வைத்துக்கொள்வது, ஊருக்குப் போகும்போது நிம்மதியாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பார்லரில் தலையைத் தொட்டவுடன் "எந்த ஏரியா மேடம்?" என்று கேட்டார் அந்தப் பெண். சொன்னேன். "அங்க எல்லாருக்கும் இதே பிரச்சினைதான்" என்று ஹேர் ஸ்பா, சீரம், ஷவரில் மாட்டுகிற ஃபில்டர் என்று வரிசையாக எடுத்து வைத்தார். நான் வாங்கிய ஃபில்டர் குளோரின் வாடையைக் குறைத்தது உண்மை. ஆனால் ஷவர் துளை பழையபடியே அடைத்தது. உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஒரு டப்பாவுக்குள் வேகமாக ஓடும் தண்ணீரில் இருந்து கால்சியத்தைப் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை என்பதை அந்த ஷவரே சொல்லிவிட்டது.

இதற்கிடையில் தலை அரிக்க ஆரம்பித்தது. சென்னை வெயில், வியர்வை, ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட், அதற்கு உள்ளே எண்ணெய். தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உடம்பின் பெரும்பாலான இடங்களைவிட நெருக்கமாக இருக்கின்றன. அந்தச் சுரப்பைத் தின்று வாழ்கிற மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் இருக்கிறது; அழுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அது கொழுப்பைச் சிதைத்துவிட்டு மிச்சம் வைப்பதில் ஓலியிக் அமிலமும் ஒன்று. சிலருடைய தோலுக்கு அது ஆகாது. தோல் எரிச்சலடைந்து வேகவேகமாகச் செதில் விடும். அதுதான் பொடுகு. வாரக்கணக்கில் கழுவாமல் வைத்திருக்கும் தலை அதற்கு விருந்து. அதைப் பார்த்து "வறண்டு போச்சு" என்று இன்னும் ஒரு கை தேங்காயெண்ணெய் வைப்பதும் நம் வழக்கம்.

வாரம் ஒருமுறை குளிப்பதில் இன்னொரு விபரீதம். நல்ல ஆரோக்கியமான தலையிலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிரும். பின்னல் போட்டிருந்தால் அவை கீழே விழாமல் பின்னலுக்குள்ளேயே தங்கிவிடும். ஏழு நாள் சேர்ந்தது எல்லாம் தலைக்குக் குளிக்கிற அன்று மொத்தமாகக் கையோடு வரும். குளியலறை ஜல்லடையில் பந்தாக அடைத்துக்கொண்டு நிற்கும். பார்த்தவுடன் வயிறு கலங்கும். தண்ணி பட்டவுடன் கொட்டுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா? அடுத்த வாரம் குளிக்க இன்னும் பயம் வரும். பயந்து தள்ளிப்போட்டால் அடுத்த பந்து இன்னும் பெரிதாக இருக்கும். பொடுகும் கூடும். இந்தச் சுழலில் சிக்கியவர்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஒரு பிப்ரவரியில் முடி கொட்டுவது எல்லை மீறிப்போனது. தலையணை, சட்டைத் தோள், லேப்டாப் கீபோர்டு, எங்கே பார்த்தாலும் முடி. குழம்பில்கூட. தோல் மருத்துவரிடம் போனேன். அம்மா வயதுக்காரர். உட்கார்ந்ததும் நான் தண்ணீர்க் கதையை ஒப்பித்தேன், தண்ணீரில் மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் அளவு உட்பட. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "விழுந்த முடி ஏதாவது கொண்டுவந்திருக்கியாம்மா?" என்றார். கொண்டுபோயிருந்தேன், ஜிப் கவரில். பயந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கொண்டுவருவார்கள் போல, அவர் ஆச்சரியப்படவில்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவைத்து அதன்மேல் ஒவ்வொரு முடியாகப் பிரித்து நீட்டினார். சின்ன லென்ஸ் ஒன்றை என்னிடம் கொடுத்து, "தலைப்பக்க நுனியை மட்டும் பாரு" என்றார். பார்த்தேன். ஏறக்குறைய எல்லா முடியின் நுனியிலும் ஊசித்தலை அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைக் குமிழ். ஒன்றிரண்டில்தான் குமிழ் இல்லை; அவை நீளத்திலும் குட்டை. "குமிழோட வந்தது வேர்லேர்ந்து கழண்டு வந்த முடி. ஓய்வுக்குப் போயிட்டு, காலம் முடிஞ்சு விழுந்தது. குமிழ் இல்லாம வந்தது நடுவுல ஒடிஞ்சது. உங்க தண்ணி வேலை காட்டினா இந்த ரகம்தான் கூடணும். இங்க என்ன இருக்கு, நீயே எண்ணிக்கோ." அப்புறம் என் தலையில் ஒரு கொத்து முடியை அடியில் விரலிடுக்கில் பிடித்து மெதுவாக நுனிவரை இழுத்துவிட்டார். கையில் வந்ததைத் தாளில் வைத்தார். அதிலும் குமிழ். கேட்ட அடுத்த கேள்வி: "மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சா?"

நவம்பர் மழையில் டெங்கு வந்து படுத்திருந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அதற்கும் முடிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீரென்று எடை குறைவது போன்ற ஏதாவது ஒன்றில் உடம்பு அடிபட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். கண்முன்னே இருப்பது குழாய்தான். முதன்முறை ஊரைவிட்டு ஹாஸ்டலுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது என்றார் அவர். வந்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும். சாப்பாடு மாறியது, பாதியாய் இளைத்தது, ராத்திரி இரண்டு மணிவரை விழித்தது எதுவும் ஞாபகம் வராது. தண்ணி மாறியது மட்டும் ஞாபகம் வரும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின், தைராய்டு, ஃபெரிட்டின் என்கிற இரும்புச் சேமிப்பு. எனக்குச் சேமிப்பு காலி.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோது எனக்குச் சிரிப்பும் கோபமுமாக இருந்தது. வேர் தோலுக்கு உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சொம்புத் தண்ணீர் அங்கே போவதில்லை. நாம் ஊற்றுகிற தண்ணீர் தொடுவது ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட, உயிரில்லாத இழையையும் தோலின் மேற்பரப்பையும்தான். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இத்தனை வருடத்தில் பார்லரிலோ கல்யாண வீட்டிலோ ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஃபில்டர் விற்காது.

சரி, தண்ணீர் நிரபராதியா?

அப்படியும் இல்லை. எங்கள் ஊர் கோவையிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் டிரைக்காலஜியில் வந்த ஆய்வு அது. பெண்களின் முடியை எடுத்து, ஒரு பங்கைக் கடின நீரிலும் இன்னொரு பங்கைக் காய்ச்சி வடித்த நீரிலும் நனைத்துவிட்டு, இழுத்தால் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சிறுவாணிப் பெருமைக்காரர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். 2018இல் பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் கடின நீர் இழையின் பலத்தைக் குறைத்ததாக வந்தது. இரண்டுமே இழையைப் பற்றியவை. வேரைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

தோலுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் கழுவும்போது சலவைப் பொருள் தோலில் அதிகமாகத் தங்கிவிடுகிறது, தங்கியது எரிச்சலைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். கரப்பான், அதாவது எக்ஸிமா, உள்ள தோலுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். அப்படியென்றால் தண்ணீரை மென்மையாக்கினால் சரியாகிவிடுமா என்றால், அதே நாட்டில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து வீட்டில் சாஃப்ட்னர் மாட்டிச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. மாட்டிய வீட்டுக்கும் மாட்டாத வீட்டுக்கும் நோயின் தீவிரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பாடம், கடின நீரில் குளிப்பவர்கள் அலசுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது, ஷாம்புவைக் குறைவாகவும் தண்ணீரை அதிகமாகவும் செலவழிக்க வேண்டும் என்பதுதான். நாம் செய்வது நேர்மாறு. நுரை வரவில்லையே என்று இன்னொரு பாக்கெட் ஷாம்புவைப் பிரிக்கிறோம், லாரி தண்ணி காசாச்சே என்று அலசுவதைச் சுருக்குகிறோம்.

இப்போது நான் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளிக்கிறேன். பொடுகுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தோலில் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். குளியலறையில் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். முன்பெல்லாம் ஷாம்புவை முடி நீளத்துக்கும் போட்டுக் கசக்குவேன். இப்போது விரல் நுனி தோலோடு சரி, நுரை வழிந்து போகிறபோது முடியின் அழுக்கும் போய்விடும். எண்ணெய் இடம் மாறிவிட்டது. தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதற்கு 2003லேயே ஆதாரம் வந்திருக்கிறது. ஆக, குளிப்பதற்கு முன்னால் நீளத்துக்கும் நுனிக்கும் தடவுகிறேன். தோலுக்கு வேண்டாம், அங்கே உட்கார்ந்திருக்கும் ஈஸ்ட்டுக்கு நான் ஏன் படியளக்க வேண்டும்?

சீயக்காயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அம்மா இன்னும் சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காயவைத்த செம்பருத்தி எல்லாம் போட்டு மிஷினில் அரைத்து அனுப்புகிறார். அப்பாவுக்கு அரப்பு, சோறு வடித்த கஞ்சியில் கரைத்து. இவற்றில் நுரைப்பது சபோனின். அது சோப்பைப் போலக் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்புத்தன்மை உள்ளதும்கூட. போர் தண்ணிக்கு சோப்பைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அரைத்த தூள் மண்டையில் தங்காமல் போக வேண்டுமென்றால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் வேண்டும். கிணற்றடியில் உட்கார்ந்து பாட்டி தேய்த்துவிட்ட காலத்தில் அது நடந்தது. மூன்றாவது மாடியில், காலை ஏழரைக்கு, அலுவலக வண்டி வருவதற்குள் நடக்காது. தீபாவளிக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டு பாட்டில், ஒரு மீட்டிங்

எங்கள் அடுக்ககத்துக்குப் பொதுவாக ஒரு சாஃப்ட்னர் போடலாமா என்று சங்கக் கூட்டம் நடந்தது. சோதனைக்கு ஒரு பிளாக்கில் மட்டும் மாட்டியிருந்தார்கள். ஒரு இளைஞர் டிடிஎஸ் மீட்டரோடு வந்து, "முன்னாடி இருந்த அளவு அப்படியே இருக்கு சார், இது சுத்த ஏமாத்து வேலை" என்று கொதித்தார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்துபோய் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்றில் சாஃப்ட்னர் தண்ணி, இன்னொன்றில் சம்ப் தண்ணி. பாக்கெட்டிலிருந்து ஒரு குளியல் சோப்பை எடுத்துப் பிளேடால் இரண்டிலும் சீவிப் போட்டு மூடிக் குலுக்கினார். முதல் பாட்டிலில் கழுத்துவரை நுரை, கீழே கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். இரண்டாவதில் மேலே நுரையே இல்லை. திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. "தம்பி, உங்க மீட்டர் தண்ணியில கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு பார்த்து, கணக்குப் போட்டு ஒரு நம்பர் காட்டும். எது கரைஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்தை வெக்குது. நம்பர் எப்படிக் குறையும்?"

அதற்கு அப்புறம் விவாதம் வழக்கம்போல செலவுக்குப் போனது. சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கிற ரெசினைப் புதுப்பிக்க மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும், கழிவாக வருகிற உப்புக் கரைசலை எங்கே விடுவது, செடிக்கு அந்தத் தண்ணி ஆகாதே, மழைநீரை ஒழுங்காகச் சம்ப்பில் பிடித்தால் வடகிழக்குப் பருவமழை மாதங்களிலாவது மென்மையான தண்ணீர் இலவசமாகக் கிடைக்குமே என்று. மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். எங்கள் குழாய்கள் கூரையிலிருந்து இறங்கி ஒழுங்காகத் தெருவுக்குப் போகின்றன. கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "என் பொண்ணுக்கு முடியெல்லாம் கொட்டுது, அதுக்காகவாவது போடுங்க" என்றார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய் மகளுக்குச் சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா, ரத்தம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். ஃபெரிட்டின் என்ற பெயரை அவர் போனில் டைப் செய்து கொடுத்தேன். சாஃப்ட்னருக்கு நானும் ஆதரவாகத்தான் கை தூக்கியிருந்தேன். கீசர் காயில் மாற்றுகிற செலவு மிச்சமாகும், பருப்பும் வேகும்.